நுண்பணியாளரும் வெள்ளெழுத்தும்

(நமது சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் மேடை ஏறினால் இலக்கியமோ இலக்கணமோ பேசுவான் என்பது உலகத்தார் எதிர்பார்ப்பு. இன்று யாம் அவ்விரண்டையும் சிறிது புறத்தே நிறுத்திக் கண்ணைப்பற்றிப் பேசக் கருதி வந்துள்ளோம். கண் மருத்துவம் எம் துறையன்று. அத்துறை வல்லார் எழுதியவற்றைப் பயின்றும் அவரை அடுத்து வினவியும் அறிந்தவற்றையே ஈண்டுக் கூறுகின்றோம். ஆயினும் இப்பொருளை எடுத்துக்கொள்ள எமக்கு ஓர் உரிமை உண்டு. பொன், இரும்பு, வெண்கலம், மரம், கல் என்னும் ஐந்தனுள் ஒன்றைக் கையாண்டு வாழ்ந்த குடியிற் பிறந்தோம். நம் முன்னோர் நமக்கு வைத்துப்போன சொத்து நிலமன்று, நெல்லுமன்று, கையும் கண்ணுமே யாம். இவற்றுள் கையிற் சிறு கீறல் பட்டாலும் அன்றே மருந்திடுகின்றோம். கண்ணையோ, அது தானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகின்றோம்.

நம் பட்டறைகளுக்குச் செல்லுந்தோறும் யாம் கண்டுவரும் ஒரு காட்சியைக் கூறுவோம். நாற்பதை எட்டிய பணியாளர் ஒருவர் மூக்குத்தி யொன்றைக் கையில் எடுப்பர். முதலில் கண்ணருகே கொணர்வர். பின்னர்ச் சிறிது அப்பால் நீட்டுவர். மீண்டும் அருகே கொணர்வர். முடிவில் எழுந்து வாயிற்படிக்குச் சென்று வெயிலிற் பிடித்துப் பார்ப்பர். ஏன் என்று கேட்டால், விளக்கு மங்கல் என்பர். நேற்று உறக்கம் இல்லை என்பர். கல்லே மட்டமான கல் என்பாரும் உளர். கண்ணைப்பற்றி மட்டும் ஒரு சொல்லும் வாராது. கண்ணின்மேற் குறை கூறுதல் தம் தொழிலின்மேற் குறை கூறுதலாகும் என்னும் அச்சமே அதற்குக் காரணம்.

எம் உறவினர் ஒருவர் கல் பதிப்பதிற் கைதேர்ந்தவர். அட்டிகையிற் கெம்பு பதித்தால் ஒரு கல்லும் மற்றதைவிடத் தலை தூக்காது. அவருக்கு வயது 41 ஆனபோது பதித்த கற்கள் சில சாய்ந்து நிற்கலாயின. உடன் வேலை செய்த மருமகன் ஒருநாள் அஞ்சி அஞ்சிச் சொன்னான்: “மாமா, கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வந்தால் என்ன?” அதற்கு அவர் விடுத்த விடை இது: “உனக்குத் தெரியாதப்பா. மூக்கிற் கண்ணாடி ஏறியதைக் கடைக்காரர் கண்டால், ஆசாரிக்குப் பார்வை போயிற்று என்று முடிவு செய்துவிடுவார். மறுநாளே கல் வேலை அடுத்த பட்டறைக்குப் போய்விடும்.” இங்ஙனம் கூறிய அவர் கல் வேலையைத் தாமே கைவிட்டு, கம்பி இழுத்தலும் மெருகிடுதலுமாகிய பணிகளைக் குறைந்த கூலிக்குச் செய்து நான்கு ஆண்டுகளைக் கழித்தார். இறுதியில் அவர் மனைவியார் வற்புறுத்தி அழைத்துச் சென்று கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். அக்கண்ணாடியுடன் கடைக்குச் சென்றபோதுதான் அவருக்கு ஒன்று புலனாயிற்று: கடைக்காரர் தாமும் அத்தகைய கண்ணாடி ஒன்றின் வழியாகவே இத்தனை ஆண்டுகளாக நகைகளைச் சோதித்து வந்தார்! நான்கு ஆண்டுக் கூலியை அவருக்குத் திருப்பிக் கொடுப்பார் யார்?

அவருக்கு வந்தது நோயன்று, வெள்ளெழுத்து. இச்சொல்லை ஒரு கணம் நோக்குவோம். தமிழாசிரியனுக்கு அவ்வளவு இடமாவது அவையினர் அளித்தல் வேண்டும். வெண்மை என்னும் பண்புச்சொல் எழுத்து என்பதனோடு புணர்ந்து, ஈறு கெட்டு, ஒற்று இரட்டி வெள்ளெழுத்து ஆயிற்று. கரிய எழுத்துத் தன் கருமை இழந்து வெளிறித் தோன்றுதலின் இப்பெயர். நோயுற்றவன் தான் கண்டதை உள்ளவாறே கூறிய சொல் இது. இதற்குச் சாளேசரம் என்னும் பெயரும் நாட்டில் வழங்குகின்றது. அது நாற்பதைக் குறிக்கும் ‘சாலீசு’ என்னும் வடநாட்டுச் சொல்லின் வழி வந்தது என்பர். நாற்பதாம் வயதில் எல்லார்க்கும் வருவது என்பதனைப் பெயரே சொல்லுகின்றது. நாற்பதுக்குமேல் நாய்க்குணம் என்று பழமொழி கூறுவோர், அக்குணத்தில் ஒரு பங்கு ஊசியில் நூல் கோக்க இயலாமையால் வருவது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

இது நிகழும் முறையை அறிந்தால் அச்சம் பாதி நீங்கும். கண்மணிக்குப் பின்னே பளிங்கு போன்ற வில்லை ஒன்று உண்டு. அதனைச் சூழ்ந்து வளையமாக ஒரு தசை உள்ளது. தொலைவிலுள்ளதை நோக்கும்போது தசை தளர்ந்திருக்க, வில்லை தட்டையாக நிற்கும். அருகிலுள்ளதை நோக்கும்போது தசை சுருங்கும். வில்லை தன் நெகிழ்ச்சியால் தடித்துக் குவியும். அவ்வில்லை வாழ்நாள் முழுதும் புதிய அடுக்குகளைப் பெற்று வளர்வது. வளர வளர அதன் நெகிழ்ச்சி குறைகின்றது. தசை சுருங்கினாலும் வில்லை இசைந்து கொடாது. இளகிய அரக்கு ஆறி இறுகினாற்போல என்று கூறின் நம்மவர்க்கு எளிதில் விளங்கும்.

இனி, நம் தொழிலாளர் சிறப்பாக அறியவேண்டிய ஒன்று உண்டு. கண்ணின் குவிக்கும் ஆற்றலை அளப்பதற்கு டயாப்டர் என்னும் அளவு வைத்துள்ளனர். ஒரு மீட்டர் தொலைவிலுள்ளதைத் தெளிவாகக் காண 1 டயாப்டர் வேண்டும்; அரை மீட்டருக்கு 2; கால் மீட்டருக்கு 4. பத்து வயதுச் சிறுவனுக்கு இவ்வாற்றல் ஏறத்தாழ 14 இருக்கும். 35 வயதில் அது 7 அல்லது 8 ஆகவும், 45 வயதில் 4 அளவாகவும் குறையும். 60 வயதில் 1 எஞ்சினால் மிகுதி. ஆள்தோறும் சிறிது வேறுபடினும் வீழ்ச்சியின் போக்கு எல்லார்க்கும் ஒன்றே. இதனோடு மற்றொன்றையும் கருதுக. முழு ஆற்றலையும் செலவழித்து ஒருவன் நெடுநேரம் பார்க்க முடியாது. பாதியைக் கையிருப்பாக வைத்தால்தான் களைப்பின்றி உழைக்கலாம் என்பது மருத்துவர் கொள்ளும் நடைமுறைக் கணக்கு.

இக்கணக்கை இருவர்க்கு இட்டுப் பார்ப்போம். எம்போன்றான் ஒருவன் நூலை 40 சென்டிமீட்டர் தொலைவிற் பிடித்துப் படிப்பான்; அவனுக்கு வேண்டுவது 2½ டயாப்டர். இருமடங்கு 5 ஆகும். ஆகவே நாற்பதைக் கடக்கும் வரை அவனுக்குத் தொல்லை இல்லை. பொற்பணியாளரோ திருகாணியையும் கல்லையும் 25 சென்டிமீட்டரில், சில வேளை அதனினும் நெருக்கமாக, வைத்து நோக்குபவர். அவருக்கு 4 வேண்டும். கையிருப்போடு 8 வேண்டும். 35 வயதளவிலேயே அவருடைய பை காலியாகத் தொடங்கிவிடுகின்றது! எனவே, பள்ளி ஆசிரியனுக்கு 43 வயதில் வருவது தட்டாருக்கு 36 வயதில் வந்தால், அவர் விரைவில் மூப்படைந்தார் என்பது பொருளன்று. அவர் செய்யும் வேலை அத்துணை நுண்ணியது என்பதே பொருள். இதனை நம் இளைஞர் நன்கு மனங்கொள்ளுதல் வேண்டும். நாற்பது ஆகவில்லையே, நமக்கு எப்படி வரும் என்று பிணங்கி இருப்பாரே மிகுதியும் துன்புறுகின்றனர்.

வெள்ளெழுத்தினால் நேரும் இழப்பு கண்ணோடு நில்லாது கூலியையும் தாக்கும். இதனை அளந்து பார்த்தவர் உண்டு. அசாமில் தேயிலை பறிப்போருள் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 751 பேரைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு மட்டும் அண்மைப் பார்வைக் கண்ணாடி உடனே அளித்தனர். 2018 ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வாராய்ச்சியின் முடிவு, கண்ணாடி பெற்றோர் பறித்த இலையின் எடை மற்றவரினும் நூற்றுக்கு 21.7 பங்கு கூடுதலாக உயர்ந்தது என்பது. ஐம்பதைக் கடந்தோரிடத்தில் அஃது 31.6 ஆயிற்று. வங்காள தேசத்தில் நெசவு, தையல் முதலிய தொழில் செய்யும் சிற்றூர் மக்கள் 824 பேரிடம் நடத்தி 2024 இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், எட்டுத் திங்களுக்குப் பின் கண்ணாடி பெற்றோரின் வருவாய் பெறாதாரினும் நூற்றுக்கு 33.4 மிகுந்திருந்தது. கொழுந்து பறித்தற்கே இத்துணை வேறுபாடு உண்டாயின், குந்துமணி எடையுள்ள பொன்னில் நகாசு செய்வாருக்கு எத்துணை உண்டாகும்! சேதாரத்தைப்பற்றிக் கடைக்காரரோடு ஓயாது வழக்காடுகின்றோம். கண் தெளியாமல் அரம் ஒரு முறை மிகுதியாக ஓடுவதால் வரும் சேதாரத்தை எக்கணக்கில் எழுதுவது?

கண்ணாடியைப்பற்றி நம்மிடையே உலவும் தவறான எண்ணங்கள் சில. அணியத் தொடங்கினால் கண் சோம்பிப் பார்வை மேலும் குறையும் என்பது ஒன்று. அறுபதளவு வரை வில்லை இறுகிக்கொண்டே போகும். கண்ணாடி அணிந்தாலும் போகும், அணியாவிடினும் போகும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கண்ணாடியின் எண் உயர்வதைக் கண்டு, கண்ணாடியே அதற்குக் காரணம் என்பது, கூரையைக் குடைதான் நனைத்தது என்பதை ஒக்கும். கண்ணை உருட்டும் பயிற்சிகளால் கண்ணாடியைத் துறக்கலாம் என்பது மற்றொன்று; இறுகிய வில்லையை நெகிழ்விக்கும் பயிற்சி எதுவும் இதுவரை இல்லை. பொன்னாங்கண்ணிக் கீரையும் மாம்பழமும் உணவாக நல்லவையே. உணவிற் குறைபாடுடைய குழந்தைகட்கு அத்தகையன கண்ணொளி காக்கும். நன்றாக உண்பவரின் வெள்ளெழுத்தை அவை போக்கமாட்டா. கணிப்பொறியின் நீல ஒளியைத் தடுக்கும் என்று விலை கூட்டி விற்கும் கண்ணாடிகளால் கண்ணயர்ச்சி குறைவதாகத் தெரியவில்லை என்று, பல ஆராய்ச்சிகளை ஒருங்கு தொகுத்து நோக்கியோர் 2023 இல் அறிவித்தனர். அப்பணத்தை நல்ல விளக்கு வாங்கச் செலவிடலாம்.

“எங்கள் தாத்தா எழுபதிலும் கண்ணாடி இல்லாமற் படிக்கிறார்” என்று பெருமை பேசுவோரும் உளர். அப்பெரியவர் இளமையிலேயே சிறிது கிட்டப்பார்வை உடையவராக இருந்திருக்கலாம். தொலைவு தெளியாக் கண்ணுக்கு அருகு தெளிதல் இயல்பு. முன்பு கண்ணாடி அணிந்தவர் திடீரென அதனைக் கழற்றிவிட்டுப் படிக்கத் தொடங்கினாரோ, அங்கே நன்கு விழித்துக்கொள்ள வேண்டும். கண்புரையில் ஒருவகை வில்லையின் நடுப்பகுதியைத் தடிப்பித்துக் கிட்டப்பார்வை போன்ற நிலையைச் சில காலம் உண்டாக்கும். பார்வை திரும்பி வந்துவிட்டது என்று இனிப்பு வழங்கி மகிழும் அக்காலத்திலேயே புரை முதிர்ந்துகொண்டிருக்கும்.

கண்ணாடி என்பது அரம், குறடு, கம்பியச்சு போன்ற ஒரு கருவி. முதன்முதல் அது தோன்றியதும் நம் போன்ற நுண்பார்வைக்காரர்க்கே. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலி நாட்டில் பிறந்த முதற் கண்ணாடிகள் குவிந்த வில்லைகளால் ஆனவை. வெள்ளெழுத்துக்கு மட்டும் உதவுபவை. கிட்டப்பார்வைக்குரிய குழிந்த வில்லை பின்னரே வந்தது. ஆகவே வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி அணிவோர் எழுநூறு ஆண்டுப் பழமையுடைய கூட்டத்திற் சேர்கின்றனர். நாணுதற்கு அதில் ஒன்றுமில்லை.

ஆயின் எந்தக் கருவியும் வேலைக்கேற்ப அமைதல் வேண்டும். ஈண்டே நம்மவர் பலர் ஏமாறுகின்றனர். கண் சோதிக்கும் இடத்தில் படிப்பதற்குரிய அட்டையை 35 அல்லது 40 சென்டிமீட்டர் தொலைவில் பிடிக்கச் செய்து எண்ணைக் குறிப்பர். அதுவே பொதுமக்கட்குப் பொருந்தும். அக்கண்ணாடியோடு பட்டறைக்கு வந்து 25 சென்டிமீட்டரில் வேலை செய்ய முனைந்தால் மங்கலே மிஞ்சும். கண்ணாடியால் பயனில்லை என்று பெட்டியில் இட்டு மூடிவிடுவர். குறை கண்ணாடியிலன்று, தொலைவைச் சொல்லாமையில் உள்ளது. எனவே சோதனைக்குச் செல்லும் முன்னாள், வழக்கமான இருக்கையில் வழக்கம்போல் அமர்ந்து, கையில் வேலையை ஏந்தி, கண்ணுக்கும் அதற்கும் இடைப்பட்ட தொலைவை மற்றொருவரைக்கொண்டு நூலால் அளந்து முடிச்சிட்டுக்கொள்ளுங்கள். அந்நூலையும், வேலையில் உள்ள ஒரு சிறு பொருளையும் உடன் கொண்டுசென்று மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் அத்தொலைவுக்கே கண்ணாடி வகுத்துத் தருவர். கடைத்தெருவில் அடுக்கி விற்கும் ஆயத்தக் கண்ணாடி, இரு கண்ணும் ஒத்திருந்து வேறு குறையும் இல்லாதவர்க்குத் தற்காலம் உதவும்; ஒருமுறையேனும் முறையாகச் சோதித்த பின்னரே அதனை நாடுதல் நலம். பூதக்கண்ணாடியைக் கண்ணிலே இடுக்கிப் பார்க்கும் வழக்கம் நுணுக்கம் காண்பதற்கு ஏற்றது. நாள் முழுதும் அதனாலேயே வேலை செய்தால் மற்றொரு கண்ணும் கழுத்தும் அயரும்.

கண்ணாடிக்கு அடுத்தபடி வேண்டுவது ஒளி. பழைய பட்டறைகள் தெருத்திண்ணையை ஒட்டி அமைந்திருந்தன. போவோர் வருவோரோடு உரையாடற்கு மட்டுமன்று. பகலவன் ஒளியைப் பெறுதற்கும் ஆம். இன்று காவல் கருதி உள்ளறைகளில் அடைபட்டு உழைக்கின்றோம். ஐரோப்பிய நாடுகளின் ஒளியமைப்பு விதி, நகை செய்யுமிடத்திற்கு 1,000 லக்ஸும், மணிக்கற்களைக் கையாளுமிடத்திற்கு 1,500 லக்ஸும் வேண்டுமென வகுத்துள்ளது. அலுவலகத்தில் எழுதுதற்கு 500 போதுமாம். நம் பட்டறைகளில் உத்தரத்திலிருந்து தொங்கும் ஒற்றை விளக்கு இதற்குப் பக்கத்திலும் வாராது. அதற்காகப் பெருஞ்செலவு செய்யவேண்டுவதில்லை. விளக்குக்கும் வேலைக்கும் உள்ள தொலைவைப் பாதியாக்கினால் ஒளி நான்கு மடங்காகும். நான்கடி உயரத்தில் உள்ளதை இரண்டடிக்கு இறக்குக. வலக்கையால் வேலை செய்வோர் இடப்புறத்தே வைக்க, கைநிழல் வேலைமேல் விழாது. விளக்கின் சுடர் நேரே கண்ணிற் படாதவாறு மூடாக்கு இருத்தல் வேண்டும். பொன்னின் மெருகு ஒளியைத் திருப்பி எறியுமாதலின், வெண்துணியோ பால்நிறத் தகடோ இட்டு ஒளியைப் பரவச் செய்தல் நன்று. மூத்தோர்க்கு இன்னும் மிகுதி வேண்டும். இருபது வயதினன் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை எட்டும். ஆதலின் பட்டறையில் ஒளி மிக்க இடத்தை வயதிற் பெரியவர்க்கு விடுதல் மரியாதை மட்டுமன்று, சிக்கனமும் ஆம்.

ஓய்வைப்பற்றிச் சுருங்கக் கூறுவோம். நுண்பணியில் ஆழ்ந்தவன் இமைக்க மறந்துவிடுகின்றான். இயல்பாக ஒரு நிமிடத்தில் பதினைந்து முறையளவு இமைக்கும் கண், ஊன்றி நோக்கும்போது அதிற் பாதிக்கும் குறைவாக இமைக்கும். கண்ணீர்ப் படலம் உலர்ந்து எரிச்சலும் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தலும் உண்டாகும். மின்விசிறியை முகத்துக்கு நேரே வைப்பின் இன்னும் மிகும். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இருபதடிக்கு அப்பாலுள்ள ஒன்றை இருபது நொடி நோக்குக என்று இன்று கணிப்பொறியாளர்க்குக் கூறும் விதி, எண்ணிற் பிசகாது பின்பற்றவேண்டிய சட்டமன்று. நினைவில் நிற்பதற்காக அமைத்தது. ஆனால் அதன் கருத்துப் பழையது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி என்பார், தொழிலாளர் நோய்களைப்பற்றி 1700 இல் வெளியிட்ட நூலில், நுண்பொருள் செய்யும் கைவினைஞர் இடையிடையே வேலையை நிறுத்தி வேறு பொருள்களின்மேற் கண்ணைச் செலுத்துதல் வேண்டும் என்று அறிவுறுத்தியுள்ளார். இவ்வயர்ச்சியால் பருவம் வந்தோர் கண் நிலையாகக் கெடுவதில்லை என்பதையும் கூறிவிடல் வேண்டும். ஓய்வு பெற்றால் அது தீரும். தீராது நீடிப்பின் மருத்துவரை நாடுக.

நிலையாகக் கெடுப்பன வேறு. முதலாவது, தெறிப்பு. உளிமேற் சுத்தி விழும்போது சிதறும் இரும்புத் துணுக்கு மயிர்நுனி அளவினதாயினும் கண்ணைத் துளைத்து உள்ளே சென்று தங்கும். வலியோ சிறிதே தோன்றும். கொல்லுப் பட்டறையிலும் கல் செதுக்குமிடத்திலும் தச்சுக்கூடத்திலும் காப்புக்கண்ணாடி இன்றி உழைத்தல் கூடாது. படிக்கும் கண்ணாடி அதற்கு ஈடாகாது. கண்ணில் துணுக்கு விழுந்தால் கசக்குதலும், நாக்காலும் ஊசியாலும் எடுக்க முயலுதலும், தாய்ப்பாலும் இலைச்சாறும் விளக்கெண்ணெயும் வார்த்தலும் அறவே ஒழிக. அவற்றால் கருவிழியிற் புண் உண்டாகிப் பார்வையை இழந்தோர் நம் நாட்டில் அளவிறந்தோர். இரண்டாவது, திராவகம். அது தெறித்தால் மருந்து தேடி ஓடாது, அந்த நொடியே தூய நீரால், இமையை விரித்துப் பிடித்துக் கால்மணி நேரத்திற்குக் குறையாது கழுவிக்கொண்டே இருந்து, பின்னர் மருத்துவமனைக்கு விரைக. வீட்டில் வெற்றிலை போடும் பெரியோர் வைத்திருக்கும் சுண்ணாம்பு திராவகத்தினும் கொடியது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும். மூன்றாவது, சுடர். குமுட்டியிலும் எரிவாயுச் சுடரிலும் நாள்தோறும் கண்ணை நாட்டுவோர், சிறு பற்றவைப்புக்கு 2 ஆம் எண்ணும், பெருஞ்சுடருக்கு 3 அல்லது 4 ஆம் எண்ணும் உடைய நிறக்கண்ணாடி அணிதல் முறை. கண்ணாடிப் பொருள் ஊதிச் செய்வோர்க்கு உலையின் வெப்பக் கதிரால் புரை விரைந்து வருதலை மருத்துவர் நெடுங்காலமாக அறிவர்.

சிறுவர்களைப்பற்றியும் சில சொல்லுதற்கு உண்டு. வகுப்பில் ஒரு மாணவன் கரும்பலகையைப் பாராது பக்கத்திலிருப்பவன் ஏட்டைப் பார்த்து எழுதினால், யாம் முதலில் ஐயுறுவது அவன் சோம்பலையன்று, கண்ணையே. வளரும் பருவத்தில் எந்நேரமும் நூலும் கைப்பேசியுமாக வீட்டினுள்ளே இருப்போர்க்குக் கிட்டப்பார்வை மிகுதியும் வருகின்றது. சீனத்தின் குவாங்சோ நகரில் பள்ளிச் சிறுவர்க்கு நாள்தோறும் 40 நிமிடம் வெளிவெளியில் இருக்குமாறு கூடுதலாக ஒரு பாடவேளை அமைத்துப் பார்த்தனர். மூன்றாண்டில் அவருள் கிட்டப்பார்வை புதிதாக உற்றோர் நூற்றுக்கு 30.4, அவ்வேற்பாடில்லாப் பள்ளிகளில் 39.5. இது 2015 இல் வெளிவந்தது. மாலையில் பிள்ளைகளைத் தெருவில் விளையாடவிட்டால் படிப்புக் கெடும் என்னும் தாய்மார்கள் இதனை எண்ணுக. குறை வந்துவிட்ட பிள்ளைக்கு எண்ணைக் குறைத்துக் கண்ணாடி கொடுத்தால் வளராது என்பதும் மெய்யன்று; உரிய எண்ணையே கொடுத்தல் வேண்டும்.

கண்ணாடியாலும் தெளியாத மங்கல் உண்டெனின் அது வெள்ளெழுத்தன்று. நீரிழிவுடையோர் பார்வை நன்றாயிருப்பினும் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைச் சோதித்தல் வேண்டும். கண் நீர் அழுத்த நோய் வலியின்றி, பக்கப் பார்வையைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும், இழந்தது மீளாது. கண் சிவந்ததென்று முன்பு யாருக்கோ எழுதிக்கொடுத்த சொட்டுமருந்தைக் கடையில் வாங்கித் திங்கட்கணக்கில் இடுவோர், அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பின் இந்நோயைத் தாமே விலைகொடுத்து வாங்குகின்றனர். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இயங்குகின்றது. மதுரையில் 1976 இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை இன்று சிற்றூர்கள் வரை பார்வை மையங்கள் வைத்துள்ளது. மருத்துவம் எட்டாத தொலைவில் இருந்தது என்று நம் தாத்தாக்கள் கூறியிருக்கலாம், நாம் கூறவியலாது.

முடிவாகச் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நம் கட்டடத்துக் கூடத்தின் நீளம் இருபதடிக்குக் குறையாது. அதன் ஒரு சுவரில் கண் சோதிக்கும் எழுத்தட்டை ஒன்றை மாட்டி, எதிரே இருபதடியில் தரையிற் கோடு ஒன்று கிழித்து வைக்கலாம். மாதக் கூட்டத்திற்கு வருவோர் அனைவரும் அக்கோட்டில் நின்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாது மூடி மற்றொன்றால் படித்துப் பார்க்கட்டும். பின்னர்க் கண்ணை மாற்றட்டும். இரு கண்ணும் திறந்திருக்கையில் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும்; அதனாலேயே ஒரு கண் பழுதானதை ஆண்டுக்கணக்கில் அறியாதிருப்போர் உளர். அட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியடித்து நூற்கண்டு ஒன்றும் தொங்கவிடுக. பட்டறைத் தொலைவை அளக்க வேண்டுவோர் அதிலிருந்து வேண்டியமட்டும் அறுத்துக்கொண்டு போகட்டும்.